மெஷின் மாட்டியாச்சு, அப்புறம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

காதால் கேட்கிறவங்களுக்கு ஒரு வணக்கம். இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் வணக்கம். ஏன்னா இன்னிக்குப் பேசப்போற விஷயத்தை, அதோட நேரடியா சம்பந்தப்பட்ட பல பேரால கேட்க முடியாது. படிக்கத்தான் முடியும்.

அந்த மாதிரி ரீல்ஸ் நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு குழந்தை அம்மா மடியில உட்கார்ந்திருக்கும். ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டுவார். அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. குழந்தை கண்ணை விரிச்சுச் சிரிக்கும். பின்னாடி வயலின் ஓடும். நாம கண்ணைத் துடைச்சுட்டு ஷேர் பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கேன்.

அப்புறம் அந்த நாள் எங்க குடும்பத்துக்கே வந்துச்சு. என் பெரியம்மா பொண்ணு ஆவடி காமராஜர் நகர்ல இருக்காங்க. அக்கான்னுதான் கூப்பிடுவேன். அவங்க பொண்ணுக்கு அப்போ மூணே கால் வயசு. பேர் வேண்டாம், பாப்பான்னே சொல்றேன். நான் போனைத் தயாரா வெச்சுக்கிட்டு நின்னேன். மெஷின் ஆன் ஆச்சு. பாப்பா சிரிக்கல. வீல்னு கத்தினா. காதுக்குப் பின்னாடி மாட்டினதைப் பிடுங்கி எறிஞ்சா. ஆடியாலஜிஸ்ட் மட்டும் சந்தோஷமா, "சூப்பர், கேட்குது!"ன்னாங்க.

அந்த வீடியோவை நான் யாருக்கும் அனுப்பல. ஆனா இந்த எபிசோட் அன்னிக்கே மனசுல ஆரம்பிச்சிடுச்சு. மெஷின் மாட்டிட்டா கதை முடிஞ்சதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில வேலை அன்னிக்குத்தான் தொடங்குது. அந்த வேலையை யார் செய்றாங்க? மெஷின் ஒரு நாள் நின்னுட்டா அந்தக் குழந்தைக்கு என்ன மிச்சம் இருக்கு? இன்னிக்குப் பேச்சு இதுதான்.

"அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு"

பூந்தமல்லியில பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி பல தலைமுறையா இருக்கு. அந்தப் பக்கம் வெள்ளைக் கோலோட ஒருத்தர் ரோட்டைக் கடந்தா பஸ்காரர் நிறுத்துவார், யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. காது கேளாமைக்கு அப்படி ஒரு வெளி அடையாளம் கிடையாது. கைக்குழந்தைகிட்ட சுத்தமா கிடையாது. அது சிரிக்கும், தவழும், மத்த குழந்தைங்க மாதிரியே ஆரம்ப மாசங்கள்ல 'ங்கா'ன்னு சத்தம்கூட போடும்.

பாப்பாவுக்கு ஒரு வயசு ஆனப்போ அக்காவுக்கு லேசா சந்தேகம். வீட்டுல எல்லாருமா ஒரு டெஸ்ட் வெச்சாங்க. பின்னாடி நின்னு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுறது. பாப்பா திரும்பினா. "பாரு, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு எல்லாருக்கும் நிம்மதி. ஆனா தரையில வர்ற அதிர்வுக்கும், பக்கத்துல அசையற நிழலுக்கும்கூட குழந்தை திரும்பும். இது நமக்குத் தெரியல. அப்புறம் வழக்கமான வரிசை. நாக்குல வசம்பு தேய்ச்சாங்க. கோயிலுக்கு வெண்கல மணி நேர்ந்துக்கிட்டாங்க. மாமாவோட அம்மா, "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு, அவசரப்படாதே"ன்னாங்க. கடைசியில ரெண்டரை வயசுல அங்கன்வாடி டீச்சர்தான் அக்காவைத் தனியா கூப்பிட்டு, "ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டிடும்மா"ன்னு சொன்னாங்க.

பிறந்த ரெண்டு மூணு நாள்லயே இதைப் பார்க்க முடியும். ஓ.ஏ.இ.ன்னு ஒரு டெஸ்ட். தூங்குற குழந்தையோட காதுல சின்னதா ஒரு முனையை வெச்சு மெல்லிய ஒலி அனுப்புவாங்க. உள்காது நல்லா இருந்தா அதுவே ஒரு சின்ன எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அந்த எதிரொலி வரலன்னா 'பெரா'ன்னு அடுத்த டெஸ்ட். தலையில மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பார்ப்பாங்க. வலி கிடையாது. உலகம் முழுக்க சொல்ற கணக்கு 1-3-6: ஒரு மாசத்துக்குள்ள பரிசோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி செய்றது, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சையும் பயிற்சியும். 2013-ல் மத்திய அரசு தொடங்கின குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தோட பட்டியல்லயும் பிறவிக் காது கேளாமை இருக்கு. பாப்பா விஷயத்துல அந்த 1-3-6 எங்க, எங்க ரெண்டரை வருஷம் எங்க!

ரிசல்ட் வந்த அன்னிக்கே வீட்டுல முதல் கேள்வி என்ன தெரியுமா? "கிரகணத்தப்போ வெளிய போனியா?" கேட்டது அக்காகிட்ட மட்டும். மாமாவை யாரும் ஒண்ணும் கேட்கல.

அதனால இதைத் தெளிவா சொல்லிடறேன். பிறவிக் காது கேளாமைக்குப் பல காரணம் இருக்கு. கர்ப்பகால ருபெல்லா தொற்று, குறைமாசப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை இதெல்லாம் அதுல சேரும். மரபணு பெரிய காரணம். கனெக்சின் 26 என்கிற புரதத்துக்கான மரபணுவில வர்ற மாற்றம் இந்தியாவுல அடிக்கடி பார்க்கப்படுறது. இந்த வகையில அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தாத்தான் குழந்தைக்குப் பாதிப்பு. அவங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாவே கேட்கும். ஒவ்வொரு பிரசவத்துலயும் வாய்ப்பு நாலுல ஒண்ணு. சொந்தத்துல கல்யாணம் பண்ணும்போது ஒரே மாற்றம் ரெண்டு பக்கமும் இருக்கிறதுக்கான வாய்ப்பு கூடுது. அக்காவும் மாமாவும் அத்தை பொண்ணு, மாமா பையன். கிரகணத்துக்கு இதுல வேலையே இல்லை. பழி போட்டே ஆகணும்னா பாதிப் பாதி போடணும். போடாம இருக்கிறது இன்னும் நல்லது.

சங்குக்குள்ள ஒரு புல்

சரி, அந்த மெஷின் என்ன செய்யுது? உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி இருக்கு, காக்ளியா. அதுக்குள்ள சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள். ஒலி அதிர்வை மின் செய்தியா மாத்தி நரம்புக்குக் கொடுக்கிறது அதுங்க வேலை. பிறவியிலயே காது கேளாத பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தச் செல்கள்லதான் கோளாறு. சாதாரண ஹியரிங் எய்ட் ஒலியைப் பெருசாக்கி அனுப்பும். வாங்குற செல்லே வேலை செய்யலன்னா எவ்வளவு பெருசாக்கியும் பிரயோஜனம் குறைவு.

காக்ளியர் இம்ப்ளாண்ட் அந்தச் செல்களைத் தாண்டிப் போயிடுது. காதுக்குப் பின்னாடி மாட்டுற ப்ராசசர்ல மைக் இருக்கும். அது ஒலியைப் பிரிச்சு, தலையில காந்தத்தால ஒட்டிக்கிற ஒரு வட்டக் காயில் வழியா, தோலுக்கு அடியில வெச்ச கருவிக்கு அனுப்பும். அங்கிருந்து காக்ளியாவுக்குள்ள போற மெல்லிய கம்பியில 12 முதல் 22 மின்முனைகள். அதுங்க நரம்பை நேரடியா தூண்டும். 15,000 செல் செஞ்ச வேலையை 22 முனை செய்யுது! அதனால கேட்கிறது நாம கேட்கிற மாதிரி இருக்காது. அந்த மின் தூண்டுதலை 'அம்மா' என்று புரிஞ்சுக்க மூளைதான் பழகணும்.

பல மின்முனை கொண்ட இம்ப்ளாண்ட்டை 1978-ல் மெல்பர்ன்ல பொருத்தியவர் கிரேம் கிளார்க். அவரோட அப்பாவுக்கே காது சரியா கேட்காது. சுருண்ட காக்ளியாவுக்குள்ள கம்பியை எப்படி நுழைக்கிறதுன்னு தவிச்சவர், கடற்கரையில ஒரு சங்குக்குள்ள புல்லை நுழைச்சுப் பார்த்து வழி கண்டுபிடிச்சாராம். நுனி வளையணும், அடி விறைப்பா இருக்கணும். அவ்வளவுதான் ரகசியம்.

நம்ம ஊர்ல இதை வளர்த்தவங்கள்ல ஒருத்தர் சென்னை டாக்டர் மோகன் காமேஸ்வரன். ஆனா பல லட்ச ரூபாய் ஆகுற ஆபரேஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுறவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அரசுத் திட்டங்களால. தமிழ்நாட்டுல 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இந்த வழியில ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் கிடைச்சிருக்கு. வருமான வரம்பு உண்டு, ஆறு வயசுக்குள்ள இருக்கணும். மத்திய அரசோட ஆடிப் திட்டத்துல 2014-ல் ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரைக்கும் வழி வந்தது. பாப்பாவுக்கும் காப்பீட்டுலதான் நடந்தது. அது இல்லன்னா எங்க குடும்பத்துக்கு இது கனவு. இதை முதல்ல சொல்லிட்டுத்தான் மீதியைப் பேசணும்.

கேட்கும் வயசு

வயசு வரம்பு ஏன்? மூளை காலி இடத்தைச் சும்மா விடாது. ஒலிக்குன்னு இருக்கிற பகுதிக்கு ஒலியே வரலன்னா, பார்வை போன்ற மத்த புலன்கள் கொஞ்சம் கொஞ்சமா அங்க குடியேறும். மூணு மூணரை வயசுக்குள்ள இம்ப்ளாண்ட் வெச்சா பலன் அதிகம். ஏழு வயசுக்கு மேல, அதுவரை எதுவுமே கேட்காத குழந்தைக்குப் பேச்சைப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

தெரபிஸ்டுகள் 'கேட்கும் வயசு'ன்னு ஒண்ணு சொல்வாங்க. மெஷின் ஆன் ஆன நாள்தான் அதுக்குப் பிறந்தநாள். பாப்பாவுக்கு நாலேகால் வயசு ஆனப்போ கேட்கும் வயசு ஒண்ணு. சொந்தக்காரங்க வந்து, "இன்னுமா பேசல? மெஷின் வேலை செய்யுதா?"ன்னு கேட்பாங்க. ஒரு வயசுக் குழந்தைகிட்ட யாராவது இப்படிக் கேட்பாங்களா?

தினமும் காலையில ஆறு ஒலியை வெச்சு ஒரு சோதனை. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். இதை வகுத்தவர் டேனியல் லிங். பேச்சுல வர்ற தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரைக்கும் இந்த ஆறுக்குள்ள அடங்கிடும். அக்கா வாயைக் காட்டாம பின்னாடி நின்னு சொல்வாங்க. கேட்டா பாப்பா ஒரு மணியை எடுத்துக் கிண்ணத்துல போடணும். 'ஸ்' கேட்கலன்னா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். அப்புறம் நாள் முழுக்கப் பேச்சு. "தோசை ஊத்தப் போறேன். சுர்ருன்னு சத்தம் கேட்குதா? தோசையைத் திருப்பப் போறேன்." டிவி கிடையாது. மிக்ஸி ஓடும்போது பாடம் கிடையாது. பின்னணிச் சத்தத்துக்கு நடுவுல பேச்சைப் பிரிச்சுக் கேட்கிறதுதான் இந்த மெஷினுக்குப் பெரிய சவால். அம்பத்தூர் ஓ.டி.ல சாயங்காலம் ஆறு மணிக்கு நின்னு பாருங்க, நமக்கே முடியாது.

தெரபிக்கு வாரம் ரெண்டு நாள் சென்னைக்குள்ள போகணும். ஆவடியிலிருந்து ட்ரெயின்ல மூர் மார்க்கெட், அங்கிருந்து பஸ். ஒரு தடவை பாப்பா காயிலைக் கழட்ட, அது ஜன்னல் கம்பியில போய் ஒட்டிக்கிச்சு. நல்லவேளை, வெளியில விழல. அக்கா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில வேலை பார்த்தாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே விட்டுட்டாங்க. ஆபரேஷனை அரசாங்கம் இலவசமா செஞ்சுது. அதுக்கு அப்புறம் வந்த வேலையை இலவசமா செஞ்சது அக்கா.

வீட்டுப் பங்கு இல்லாம இது நடக்காதுன்னு ரொம்ப நாளாவே தெரியும். இம்ப்ளாண்ட் இங்க வர்றதுக்கு முன்னாடியே, 1969-ல் சென்னையில பால வித்யாலயா தொடங்கினாங்க. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கான பள்ளி. குழந்தையோட அம்மாவும் கூடவே வகுப்புல உட்காரணும். பல குழந்தைகள் அங்கிருந்து சாதாரணப் பள்ளிக்குப் போயிருக்காங்க. அந்த முறைக்கு என் மரியாதை உண்டு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு: ஏன் எப்பவும் அம்மாதான்?

கேபிள் அறுந்த 19 நாள்

காயிலையும் ப்ராசசரையும் இணைக்கிற மெல்லிய கேபிள் ஒரு நாள் அறுந்துபோச்சு. குழந்தைங்க கையில இது சகஜம். புதுசு சில ஆயிரம் ரூபாய். காசைத் தேடி, ஆர்டர் போட்டு, வந்து சேர 19 நாள் ஆச்சு.

அந்த 19 நாளும் பாப்பா மறுபடி முழு அமைதிக்குள்ள போயிட்டா. அதுல என்ன கொடுமைன்னா, அவகிட்ட பேச எங்களுக்கு வேற வழியே இல்லை. "கையால எதையும் காட்டாதீங்க, காட்டினா காதைப் பயன்படுத்த மாட்டா"ன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தாங்க. அக்கா அதைச் சத்தியம் மாதிரி காப்பாத்தினாங்க. பாப்பா தண்ணி கேட்க பாட்டிலை எறிவா. பயந்தா அழுவா. எதுக்கு பயம்னு அவளால சொல்ல முடியாது. ஒரு ராத்திரி அக்கா போன் பண்ணி, "மெஷின் இருந்தாத்தான் நான் அவளுக்கு அம்மாவாடா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. உள்ள வெச்ச கருவி பல வருஷம் இருக்கும். வெளியில மாட்டுற ப்ராசசருக்கு ஆயுள் குறைவு. பேட்டரி, கேபிள், காயில்னு செலவு வந்துக்கிட்டே இருக்கும். ப்ராசசரையே மாத்தணும்னா லட்சக்கணக்குல. பிளாஸ்டிக் சறுக்குமரத்துல நிலை மின்சாரம் வரும்னு விளையாடும்போது கழட்டி வைக்கணும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழட்டணும். அதாவது, எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும், ஒரு நாளோட சில மணி நேரம் இந்தக் குழந்தை காது கேளாத குழந்தைதான். அந்த மணி நேரங்களுக்கும் அவளுக்கு ஒரு மொழி வேண்டாமா?

கை பேசினா வாய் பேசாதா?

அந்த நாட்கள்லதான் அக்கா ஒரு குடும்பத்தைக் கவனிச்சாங்க. திருமுல்லைவாயில்ல ஒரு தையல் கடை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே காது கேட்காது. அவங்களோட மூணு வயசுப் பொண்ணுக்குக் காது கேட்கும். அந்தக் குட்டி அப்பாகிட்ட கையால சண்டை போடுறா, அம்மாகிட்ட கையாலயே கோள் சொல்றா, கடைக்கு வர்றவங்ககிட்ட வாயால தமிழ் பேசுறா. அக்கா வீட்டுக்கு வந்து சொன்னது: "அந்த வீட்டுல ஒரு சத்தமும் இல்லைடா. ஆனா பேச்சு நிக்கவே இல்லை."

சைகை மொழி வேண்டாம்ங்கிற வாதம் பழசு. 1880-ல் மிலான் நகரத்துல கூடின ஆசிரியர்கள் மாநாடு, பள்ளிகள்ல பேச்சு முறை மட்டும்தான்னு தீர்மானம் போட்டுது. வாக்களிச்சவங்க கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்கிறவங்க. உலகம் முழுக்க வகுப்புகள்ல குழந்தைகளோட கை கட்டப்பட்டுச்சு. 2010-ல் வான்கூவர்ல நடந்த அதே வரிசை மாநாடு அதுக்கு வருத்தம் தெரிவிச்சுது. இம்ப்ளாண்ட் பத்தியும் இப்படி ஒரு சண்டை நடந்திருக்கு. அமெரிக்கத் தேசிய காது கேளாதோர் சங்கம் 1991-ல் குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் வைக்கிறதைக் கடுமையா எதிர்த்துது. 2000-ல் நிலைப்பாட்டை மென்மையாக்கி, அது பல வழிகள்ல ஒரு வழின்னு ஏத்துக்கிட்டுது. அவங்க பயம் என்னன்னா, "எங்களைச் சரிசெய்ய வேண்டிய கோளாறா மட்டும் பார்க்கிறீங்க. எங்களுக்கு ஒரு மொழி இருக்கு, ஒரு சமூகம் இருக்கு."

பேச்சுப் பயிற்சி தரப்போட காரணத்தையும் நியாயமா சொல்லணும். குழந்தைக்குக் கண் வழி சுலபம், காது வழி கஷ்டம். சுலபமானது கிடைச்சா கஷ்டமானதை விட்டுடும்னு பயப்படுறாங்க. 90 சதவீதத்துக்கு மேல காது கேளாத குழந்தைகள் காது கேட்கிற பெற்றோருக்குத்தான் பிறக்குது. அந்தப் பெற்றோருக்கு சைகை மொழி தெரியாது. தெரியாத மொழியை எப்படிக் கொடுப்பாங்க? இதுவும் உண்மையான சிக்கல்தான்.

ஆனா ஒரு விஷயத்துல சந்தேகமே இல்லை. காது கேளாத பெற்றோர் வீட்டுல பிறந்து, முதல் நாள்லேருந்தே சைகை மொழியைப் பார்க்கிற காது கேளாத குழந்தை, நம்ம குழந்தைங்க முதல் வார்த்தை பேசுற அதே வயசுல முதல் சைகையைக் காட்டுது. மொழி வளர்ச்சியில பின்தங்குறதில்லை. அப்போ காது கேளாமை மட்டும் குழந்தையைப் பின்னுக்குத் தள்ளல. முதல் சில வருஷம் எந்த மொழியும் முழுசா கிடைக்காம போறதுதான் தள்ளுது. அந்தப் பசி பின்னாடி படிப்புலயும், யோசிக்கிறதுலயும், மனசுலயும் தெரியும்.

இந்திய சைகை மொழி ஏதோ ஜாடை காட்டுறது இல்லை. தனி இலக்கணம் உள்ள மொழி. கேள்விச் சொல் வாக்கியத்தோட கடைசியில வரும். 'உன் பேர் என்ன'ன்னு நாம கேட்கிற வரிசை அதுக்கு அந்நியம் இல்லை. 2015-ல் டெல்லியில இந்திய சைகை மொழிக்குன்னு ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினாங்க. அவங்க அகராதி 2021-ல் 10,000 சொற்களைத் தொட்டது. இணையத்துல வீடியோவாவே இருக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கல்வியில சைகை மொழியை ஊக்குவிக்கச் சொல்லுது. நம்ம மாநிலத்துக்கு இது புதுசும் இல்லை. பாளையங்கோட்டையில 19-ஆம் நூற்றாண்டோட கடைசியிலேயே ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிட்டாங்க.

கேபிள் வந்துச்சு, மெஷின் திரும்ப ஓடுச்சு. அக்கா பயிற்சியை விடல. ஆனா தையல் கடையில தினம் அரைமணி நேரம் உட்கார ஆரம்பிச்சாங்க. தண்ணி, பசி, பயம், வலி, நாளைக்கு, ஏன். முதல்ல கத்துக்கிட்ட சைகைகள் இதுதான். 'ஏன்' கத்துக்கிட்ட பிறகு பாப்பா நிறுத்தவே இல்லையாம். தெரபிஸ்ட்கிட்ட இதை மறைக்காம சொன்னாங்க. அவங்களுக்கு முழு சம்மதம் இல்லை. ஆனா ஒலிப் பயிற்சி நேரத்துல கை வேண்டாம்னு மட்டும் கேட்டுக்கிட்டாங்க. அந்த ஒப்பந்தம் ஓடுது. எல்லா வீட்டுக்கும் இதுதான் வழின்னு நான் சொல்ல வரல. ஒரு வழி அடைபட்டா இன்னொரு வழி திறந்திருக்கணும், அவ்வளவுதான்.

நம்ம பங்கு

'மொழி' படம் 2007-ல் வந்தது. காது கேட்கிற ஜோதிகா, காது கேளாத பெண்ணா நடிச்சாங்க. நாம கொண்டாடினோம். 2009-ல் 'நாடோடிகள்' வந்தது. அதுல நடிச்ச அபிநயாவுக்குக் காது கேட்காது, பேச முடியாது. அவங்க நடிச்சது பேசுற பெண்ணா. தியேட்டர்ல பல பேருக்கு அது தெரியவே இல்லை. மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா, 2022-ல் பிரேசில்ல நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்ஸ்ல பேட்மின்டன்ல மூணு தங்கம் வாங்கினாங்க. இவங்களை எல்லாம் நாம 'சாதனை'ன்னு கைதட்டிட்டு நகர்ந்துடறோம். பக்கத்து வீட்டுல இருக்கிற காது கேளாத பையன்கிட்ட "சாப்டியா?"ன்னு கேட்க நமக்கு ஒரு சைகை தெரியுமா?

அதனால மூணு விஷயம். உங்க வீட்டுல, ஃப்ரெண்ட் வீட்டுல குழந்தை பிறந்தா, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி "காது டெஸ்ட் பண்ணியாச்சா?"ன்னு கேளுங்க. தடுப்பூசி கேட்கிற மாதிரி சாதாரணமா கேளுங்க. ரெண்டாவது, மெஷின் மாட்டின குழந்தையையோ பெரியவங்களையோ பார்த்தா கத்தாதீங்க. கத்தினா இன்னும் குழப்பம்தான். முகத்துல வெளிச்சம் விழற மாதிரி நின்னு, ஒருத்தர் பேசி முடிச்ச பிறகு இன்னொருத்தர் பேசுங்க. புரியலன்னா வேற வார்த்தையில சொல்லுங்க, போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க. "அப்புறம் சொல்றேன், விடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்க வாழ்க்கையில அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். மூணாவது, அந்தக் குழந்தையோட அப்பா, சித்தப்பா, மாமாவா நீங்க இருந்தா, தெரபிக்கு ஒரு நாள் நீங்க லீவு போட்டுப் போங்க. நான் இப்போ புதன்கிழமை போறேன். அக்கா ஒரு தையல் யூனிட்ல பாதி நாள் வேலைக்குத் திரும்பியிருக்காங்க.

பாப்பாவுக்கு இப்போ அஞ்சரை வயசு. கேட்கும் வயசு ரெண்டேகால். 'மாமா'ங்கிறது 'பாபா' மாதிரிதான் வருது. ஆனா சைகையில எனக்குன்னு ஒரு பேர் வெச்சிருக்கா. ரெண்டு காதையும் கையால மூடிக் காட்டுவா. ரெக்கார்டிங்னு எப்பவும் ஹெட்போன் மாட்டிட்டே திரியறேன் இல்லையா, அதைப் பார்த்து வெச்ச பேர்.

இந்த எபிசோடோட எழுத்து வடிவத்தை, காது கேளாத ஒருத்தருக்காவது அனுப்பி வைங்க. தப்பு இருந்தா அவங்க சொல்லட்டும், அடுத்த எபிசோட்ல திருத்திக்கிறேன். இனிமே எழுத்து தயாராகாம ஒரு எபிசோடும் வராது. அதை முதல் நாள்லேருந்தே செஞ்சிருக்கணும். செய்யல. மன்னிச்சுக்கோங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.